ஊர்ப்புற நூலகத்தில் இணையப் பாதுகாப்பு வகுப்பு: யாருக்கு, எதை, எப்படிச் சொல்லித் தருவது?

நூலகவாசி (கேள்வி)

வணக்கம். எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் மாதம் இரண்டு சனிக்கிழமை மாலை, போனில் நடக்கும் பண மோசடிகளைப் பற்றி வகுப்பு நடத்தப் போகிறோம். வருகிறவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. மகளிர் குழுவிலிருந்து பதினைந்து பேர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர், ஒரு மளிகைக் கடைக்காரர், பார்வையற்ற இளைஞர் ஒருவர், காது கேளாத பெண் ஒருவர். பாதிப் பேருக்குப் படிப்பது சிரமம். சிலரிடம் பட்டன் போன்தான்.

அரங்கும் ப்ரொஜெக்டரும் இருக்கின்றன. உதவிக்கு இரண்டு கல்லூரி மாணவர்கள் வருவார்கள். கையேடுகள் சிலவற்றைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் "வலுவான கடவுச்சொல் வையுங்கள், ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள்" என்பதே திரும்பத் திரும்ப வருகிறது. இதை விளக்கிச் சொன்னால் போதுமா? ஒரு வகுப்பில் எவ்வளவு சொல்லலாம்? ஆதாரில் கைரேகையை எல்லோரையும் பூட்டி வைக்கச் சொல்லலாமா?

திருகாணி

ப்ரொஜெக்டரை ஓரமாக வையுங்கள். பெரிய திரையில் நீங்கள் காட்டுவது உங்கள் போன். வந்தவர் கையில் இருப்பது வேறு கம்பெனி, வேறு மொழி, வேறு அமைப்பு. வீட்டுக்குப் போய் அதே பட்டனைத் தேடினால் கிடைக்காது. அவரவர் போனில் அவரவர் விரலால் செய்ததுதான் நிற்கும்.

ஒரு உதவியாளருக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். உங்களையும் சேர்த்து மூன்று பேர் என்றால் அதிகபட்சம் பதினெட்டு பேர். நாற்பது நிமிடம். ஒரு வகுப்பில் இரண்டு விஷயம் மட்டும். மூன்றாவதைச் சேர்த்தால் முதலாவது மறந்துபோகும்.

இன்னொன்றைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: சொல்லித் தருகிறவர் யாருடைய போனையும் கையில் வாங்கக் கூடாது. "இங்க கொடுங்கம்மா, நான் பண்ணித் தர்றேன்" என்று வாங்கிச் செய்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் விவரம் தெரிந்தவர் கேட்டால் போனைக் கொடுத்துவிடலாம் என்ற பாடத்தை நாமே நடத்திவிடுகிறோம். விரலை நீட்டிக் காட்டுங்கள், தொடாதீர்கள். வகுப்புக்கு வர லிங்க் அனுப்பிப் பதிவு செய்யச் சொல்வதும் இதே தவறுதான்.

முதல் வகுப்பை ஒரு ரூபாயில் தொடங்கலாம். ஜிபே, போன்பே வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு ரூபாய் அனுப்புங்கள். பணம் வந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். "பின் நம்பர் கேட்டுச்சா?" என்று கேளுங்கள். கேட்டிருக்காது. அடுத்து அந்த ஒரு ரூபாயை உங்களுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். பின் இல்லாமல் சிறு தொகை அனுப்பும் யுபிஐ லைட்டைப் போட்டு வைத்திருந்தால் தவிர, இப்போது கேட்கும். பணம் வருவதற்குப் பின் நம்பர் வேண்டாம், போவதற்குத்தான் வேண்டும் என்பதை வாயால் பத்து முறை சொன்னாலும் ஏறாது, இந்த ஒரு ரூபாயில் ஏறிவிடும். ஸ்கேன் செய்வதும் அப்படியே: பணம் கொடுக்கத்தான் ஸ்கேன், வாங்குவதற்கு இல்லை. "உங்க பையனுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று வரும் அழைப்பு இந்த இடத்தில்தான் உடைகிறது.

இதில் தடங்கல் வரும் இடங்களும் உண்டு. அரங்கில் சிக்னல் இருக்கிறதா என்று முந்தைய நாளே பாருங்கள். சிலருடைய கணக்கு கணவர் போனிலோ மகன் போனிலோ இருக்கும். அவர்களைத் தனியே விட்டுவிடாமல் பக்கத்தில் இருப்பவரோடு சேர்த்துப் பார்க்க வையுங்கள். பின் மறந்தவர்களை ஊகித்துப் போட விடாதீர்கள், சில முறை தவறினால் வங்கி அன்றைக்கு அதை முடக்கிவிடும். பின் போடும்போது எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கட்டும். அதுவும் ஒரு பாடம்.

தனிப்பட்ட ஒருவர் யுபிஐ வழியாக "பணம் கொடு" என்று கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய கையேடுகளில் இன்னும் அதுதான் முதல் பாடமாக இருக்கும். வணிக நிறுவனங்கள் சிலவற்றின் பெயரில் வரும் கோரிக்கை இன்னும் உண்டு என்பதால் பின் நம்பர் பாடத்தை விட்டுவிடாதீர்கள்.

கல்மண்டபம்

திருகாணி சொன்னதோடு, ஓடிபி பாடத்தை நீங்கள் பார்த்த கையேடுகளில் உள்ளபடி நடத்தாதீர்கள். "யாரிடமும் சொல்லாதே" என்ற விதி அடுத்த நாளே உடைந்துவிடும். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் போனுக்கு வந்த எண்ணைக் கேட்கிறார். ஆட்டோ புக் செய்தால் ஓட்டுநர் கேட்கிறார். கூரியர்காரர் கேட்கிறார், இ-சேவை மையத்தில் கேட்கிறார்கள். வாரம் இரண்டு முறை மீற வேண்டியிருக்கிற விதியை மக்கள் மதிக்க மாட்டார்கள். அப்புறம் மோசடிக்காரன் கேட்கும்போதும் அதே பழக்கத்தில் சொல்லிவிடுவார்கள்.

நடைமுறைக்குப் பொருந்துகிற விதி இப்படி இருக்கலாம். போனில் பேசுகிற யாருக்கும் எண்ணைச் சொல்வதில்லை, விதிவிலக்கே கிடையாது. எதிரே நிற்கிறவருக்கு என்றால், நான் கேட்ட பொருளுக்கோ சேவைக்கோ வந்த எண்தானா என்று செய்தியை முழுதாகப் பார்த்த பிறகு. படிக்க முடியாதவர்கள் செய்திக்குள் வங்கியின் பெயரோ ரூபாய் அடையாளமோ (₹, Rs, INR) இருக்கிறதா என்று மட்டும் பார்க்கப் பழகலாம். இருந்தால் வாயைத் திறப்பதில்லை. ₹ அடையாளத்தை எல்லோரும் நோட்டில் பார்த்திருப்பார்கள். இதற்கு ஐந்து மாதிரிச் செய்திகளைப் பெரிய எழுத்தில் தாளில் அச்சடித்து, "இதைச் சொல்லலாமா, கூடாதா" என்று கேளுங்கள்.

போனை வெட்டுவதற்கும் பயிற்சி வேண்டும். "எஸ்.ஐ. பேசறேன்", "பேங்க் மேனேஜர் பேசறேன்" என்று அதிகாரக் குரல் கேட்டால் நம் ஆட்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களுக்கும், பாதியில் வைப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். மோசடிக்காரனின் முதலீடே அந்த மரியாதைதான். அதனால் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தைக் கொடுத்துவிடுங்கள்: "நான் பிராஞ்சுக்கு நேர்லயே வந்து பேசறேன்." சொன்னதும் வெட்டிவிட வேண்டும். ஒரு மாணவர் பக்கத்து அறையிலிருந்து அதிகாரியாகக் கூப்பிடட்டும். முன்பே சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகுதான். ஒவ்வொருவரும் அந்த வாக்கியத்தை உரக்கச் சொல்லி வெட்டிப் பழகட்டும். கூச்சம் மூன்றாவது முறையில் போய்விடும்.

போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பிலேயே பிடித்து வைத்து மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' பற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குத் தனியாகச் சொல்லுங்கள். சேமிப்பு அவர்களிடம்தான் இருக்கிறது. வீடியோ அழைப்பில் கைது செய்யவோ காவலில் வைக்கவோ இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை. "லைனை கட் பண்ணாதீங்க, வீட்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்ற இரண்டில் ஒன்று காதில் விழுந்தாலே வெட்டிவிடலாம். போலீஸ் என்று நம்பினாலும் சரி, வெட்டிவிட்டு உள்ளூர் ஸ்டேஷனுக்கு நேரில் போகட்டும்.

கைரேகை விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். மைஆதார் தளத்திலோ ஆதார் செயலியிலோ பூட்டுவது எளிது, ஆதாரோடு இணைத்த மொபைல் எண் கையில் இருந்தால் போதும். நகல் எடுத்த கைரேகையை வைத்துப் பணம் எடுக்கும் மோசடிக்கு அது நல்ல தடுப்புதான். ஆனால் பூட்டியிருந்தால் ரேஷன் கடை மிஷினிலும் கைரேகை நிராகரிக்கப்படும். வீடு தேடி வரும் வங்கி முகவரிடம் ரேகை வைத்து உதவித்தொகை வாங்கும் பாட்டிக்கு அந்த மாதப் பணமே நின்றுபோகும். மிஷின் பூட்டியிருக்கிறது என்று எல்லா இடத்திலும் தெளிவாகச் சொல்லாது, ரேகை சேரவில்லை என்றே அவர்கள் நினைத்துக்கொண்டு அலைவார்கள். தற்காலிகமாகத் திறக்க வழி உண்டு, அதற்கும் போனும் ஓடிபியும் வேண்டும். ஆகவே ரேகை வைத்துப் பணமோ ரேஷனோ வாங்காதவர்களுக்கு மட்டும் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு இரண்டு பழக்கம் போதும்: முகவரிடம் ஒவ்வொரு முறையும் ரசீது கேட்பது, "ரேகை சரியா விழல, இன்னொரு தடவை வைங்க" என்றால் முதல் முறையின் ரசீதைக் காட்டச் சொல்வது.

தொடுதிரை

பார்வையற்றவர், காது கேளாதவர் பற்றி யாரும் இன்னும் தொடவில்லை. பொதுவான அறிவுரை அப்படியே போனால் இவர்களுக்குத் தீங்காகவே முடியும்.

'அக்சஸிபிலிட்டி அனுமதியை எந்தச் செயலிக்கும் கொடுக்காதே' என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். திரையில் நடப்பதைப் படிக்கவும் தானாகப் பட்டனை அழுத்தவும் தீய செயலிகள் அந்த அனுமதியைத்தான் கேட்கின்றன என்பது உண்மை. ஆனால் திரையில் இருப்பதை உரக்கப் படித்துக் காட்டும் டாக்பேக் ஓடுவதும் அதே இடத்தில்தான். அந்த இளைஞர் பயந்து எல்லாவற்றையும் அணைத்தால் போனே அவருக்கு ஊமையாகிவிடும். அவருக்குச் சொல்ல வேண்டியது வேறு: அக்சஸிபிலிட்டி பட்டியலைத் திறந்து, டாக்பேக்கையும் தான் தெரிந்தே போட்டதையும் தவிர வேறு ஏதாவது 'ஆன்' என்று படிக்கப்படுகிறதா என்று மாதம் ஒருமுறை கேட்பது. இன்னொன்று, ஓடிபியும் கணக்கில் உள்ள தொகையும் உரக்கப் படிக்கப்படும். பேருந்தில், டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கும். ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டுக்கொள்வது அவருக்குப் பின் நம்பர் அளவுக்கு முக்கியம்.

காது கேளாதவருக்கு 1930 என்ற சைபர் மோசடிப் புகார் உதவி எண் குரல் அழைப்பு என்பதால் நேரடியாகப் பயன்படாது. புகாரைச் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் (cybercrime.gov.in) தளத்தில் எழுத்தாகப் பதியலாம். ஆனாலும் முதல் சில நிமிடங்களில் அழைப்பு வேகமானது. அவருக்காகக் கூப்பிடப் போகிற இருவரை இப்போதே முடிவு செய்து, வங்கியின் பெயரையும் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் ஒரு அட்டையில் எழுதி வைக்கட்டும். கார்டு எண்ணோ பின்னோ அதில் வேண்டாம்.

படிக்கத் தெரியாதவர்களுக்கும் எண்கள் தெரியும். 1930 என்று பெரிதாக எழுதிய ஸ்டிக்கரைப் போன் உறையின் பின்புறம் ஒட்டிவிடுங்கள். பட்டன் போனில் அதை ஒரு எண்ணுக்கு ஸ்பீட் டயலாக வைத்து, எந்தப் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று காட்டுங்கள். பட்டன் போன்தானே, ஆபத்தில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஓடிபி அதற்கும் வருகிறது.

நூலகவாசி

மூவருக்கும் நன்றி. கைரேகையை எல்லோருக்கும் பூட்டச் சொல்லித் தாளே அடித்து வைத்திருந்தேன், நிறுத்திவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் ஏபிகே கோப்பு (திறந்தால் செயலியை நிறுவும் கோப்பு) வருகிறதே, அதைத் திறந்துவிட்டவர்களுக்கு என்ன செய்யச் சொல்வது? பணம் போய்விட்டால் எதை முதலில் செய்ய வேண்டும்?

திருகாணி

முதலில் திறக்காமல் இருக்க ஒரு வேலை. இதை இரண்டாம் வகுப்பாக வையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸைத் திறந்து, மேலே உள்ள தேடும் கட்டத்தில் 'அன்னோன்' (unknown) என்று தட்டினால், வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதிப் பட்டியல் பெரும்பாலும் வந்துவிடும். போன் தமிழில் இருந்தால் 'தெரியாத' என்று தேடுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் அந்தப் பட்டியலை ஒவ்வொரு மூலையில் வைத்திருப்பதால் வழியைச் சொல்வதைவிடத் தேடச் சொல்வது நல்லது. அதில் வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் மூன்றும் 'அனுமதி இல்லை' என்று இருக்க வேண்டும். தீய செயலிகளைத் தேடிப் பிடிக்கும் பிளே புரொடெக்டை அணைக்கச் சொல்கிற எதுவாக இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடலாம்.

நிறுவிவிட்டார்கள் என்றால் வரிசை மாறக் கூடாது. ஏரோப்ளேன் மோடைப் போட்டு, வைஃபையும் அணைந்ததா என்று பார்க்க வேண்டும். இன்னொரு போனால் அந்தக் கோப்பு வந்த செய்தியையும் செயலியின் பெயரையும் படம் எடுக்க வேண்டும். இன்னொரு போனிலிருந்தே வங்கிக்குச் சொல்லி நெட் பேங்கிங், யுபிஐ, கார்டு மூன்றையும் நிறுத்த வேண்டும். சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போட வேண்டும். இந்தச் செயலிகள் வருகிற குறுஞ்செய்தியை அப்படியே திருடனுக்கு அனுப்புவதால், சிம் அதே போனில் இருக்கும்வரை புது ஓடிபியும் அவனுக்கே போகும். பதற்றத்தில் அதே போனில் பாஸ்வேர்டு மாற்றுகிறவர்கள் புதுப் பாஸ்வேர்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

அப்புறம்தான் செயலியை நீக்குவது. நீக்கும் பட்டன் மங்கலாக இருந்தால் 'டிவைஸ் அட்மின்' (போனைக் கட்டுப்படுத்த அனுமதி பெற்ற செயலிகள்) பட்டியலில் அதை அணைத்துவிட்டு முயல வேண்டும். அதிலும் போகவில்லை என்றால் போனில் உள்ள படங்களை வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் போனைப் புதிதாக்குவது). தன் ஐகானையே மறைத்துக்கொள்ளும் செயலிகளும் உண்டு, அதனால் முகப்பில் தேடாமல் செட்டிங்ஸுக்குள் இருக்கும் செயலிப் பட்டியலில் தேடுங்கள்.

வாட்ஸ்அப்புக்கு ஆறு இலக்க டூ-ஸ்டெப் பின் வைப்பதையும் அதே வகுப்பில் செய்யலாம். ஒரு எச்சரிக்கை: யுபிஐ பின்னையே இதற்கும் போடுவார்கள், கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். இந்தப் பின் மறந்து, மின்னஞ்சலும் இணைக்கவில்லை என்றால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். வீட்டு நோட்டில் எழுதி வைப்பதில் தப்பில்லை. எழுதவே கூடாது என்று மிரட்டினால் எல்லோரும் பிறந்த தேதியையே வைப்பார்கள். யுபிஐ பின்னைப் போன் உறைக்குள் எழுதி வைப்பதுதான் ஆபத்து.

சிம்முக்குப் பின் நம்பர் போடுவதை மட்டும் வகுப்பில் செய்யாதீர்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு பியூகே என்ற திறப்பு எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறினால் சிம் செத்துவிடும். ஆதாரும் வங்கியும் தொங்குவது அந்தச் சிம்மில்தான்.

கல்மண்டபம்

பணம் போனால் முதலில் 1930. அப்போதே வங்கிக்கும். ஸ்டேஷனுக்குப் போய்க் காத்திருப்பது மூன்றாவது. பணம் ஒரு கணக்கில் நிற்பதில்லை, பல கணக்குகளுக்குப் பிரிந்து ஏடிஎம் வழியாக வெளியேறுகிறது. வெளியேறும் முன் பிடித்து வைக்கத்தான் 1930. அழைக்கும்போது வங்கியின் பெயர், கணக்கு எண், போன தொகை, நேரம், யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிமாற்ற எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். அந்த 12 இலக்கம் எங்கே இருக்கும் என்பதை நீங்கள் அனுப்பிய ஒரு ரூபாயை வைத்தே காட்டிவிடலாம். ஜிபே, போன்பே இரண்டிலும் அந்தப் பரிமாற்றத்தைத் தொட்டால் கீழே யூடிஆர் என்றோ யுபிஐ பரிமாற்ற எண் என்றோ இருக்கும். லைன் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடாமல், ஒருவர் தளத்தில் பதிந்துகொண்டிருக்க இன்னொருவர் அழைத்துக்கொண்டே இருக்கட்டும். ஒப்புகை எண் வந்ததும் அன்றைக்கே தளத்தில் புகாரை முழுமை செய்ய வேண்டும்.

வங்கியில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வரக் கூடாது. புகார் எண் வாங்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளர் மேலும் வங்கி மேலும் தவறு இல்லாமல் பணம் போயிருந்து, தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு வாடிக்கையாளருக்கு இல்லை. ஓடிபியைத் தானே சொல்லிவிட்டவருக்கும் இதில் ஒன்று உண்டு: தெரிவித்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. அதனால்தான் எந்த நிமிடத்தில் சொன்னோம் என்பதற்குச் சான்று தேவை. முப்பது நாளில் வங்கி பதில் தரவில்லை என்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனிடம் (வங்கிகள் மீதான புகார்களை விசாரிப்பவர்) போகலாம், கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

மளிகைக் கடைக்காரரைத் தனியே பத்து நிமிடம் பிடியுங்கள். தினமும் கடை திறந்ததும் தன் கியூஆர் கோடைத் தானே ஸ்கேன் செய்து தன் பெயர் வருகிறதா என்று பார்க்கட்டும், மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். வாடிக்கையாளர் காட்டும் பச்சை டிக் திரையை நம்பக் கூடாது, அதைப் போலியாகக் காட்டும் செயலிகள் உண்டு. தன் சவுண்ட் பாக்ஸோ தன் செயலியோ சொல்ல வேண்டும். "தப்பா ஆயிரம் அனுப்பிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பி விடுங்க" என்றால் கணக்கில் உண்மையிலேயே பணம் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். ஏறியிருந்தாலும் வேறு நம்பருக்கு அனுப்பாமல் வங்கிக்குச் சொல்லட்டும். திருட்டுப் பணம் கணக்குக்குள் வந்துபோனதாகத் தெரிந்தால் கடைக்காரர் கணக்கையே முடக்குவார்கள்.

அந்த இரண்டு மாணவர்களிடமும் பேசுங்கள். கமிஷனுக்கு வங்கிக் கணக்கையும் சிம்மையும் வாடகைக்குக் கேட்பது அவர்கள் வயதுக்காரர்களிடம்தான். கொடுத்தால் வழக்கு கணக்கு வைத்திருப்பவர் மேல் வரும்.

தொடுதிரை

சின்னதாக ஒன்று. பணத்தை இழந்தவருக்குச் சில வாரத்தில் இன்னொரு அழைப்பு வரும்: "சைபர் கிரைம்லேருந்து பேசறோம், உங்க பணம் கிடைச்சிடுச்சு, ஃபீஸ் கட்டுங்க." புகாருக்குக் கட்டணம் எந்தக் கட்டத்திலும் இல்லை என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஏமாந்ததை வெளியே சொல்லக் கூசுகிறவர்கள்தான் இரண்டாவது முறையும் மாட்டுகிறார்கள். வகுப்பில் யாராவது தன் இழப்பைச் சொன்னால், "எப்படிம்மா நம்பினீங்க?" என்று மாணவர்கள் கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "எத்தனை மணிக்குப் போச்சு, 1930க்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்கப் பழக்குங்கள்.

திருகாணி

புதிதாகக் கூட்டம் கூட்டுவதைவிட, மகளிர் குழுவின் மாதக் கூட்டத்திலேயே பதினைந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். நூறு நாள் வேலைக்காரர்கள் சனிக்கிழமை மாலை வர மாட்டார்கள், வேலை இடத்திலேயே மதிய ஓய்வில் ஒரு ரூபாய் பாடத்தை மட்டும் நடத்தலாம். மூன்றாம் வகுப்பிலிருந்து பருவத்துக்கு ஏற்ப எடுங்கள்: பள்ளி திறக்கும் நேரத்தில் உதவித்தொகை அழைப்புகள், கரண்ட் பில் வரும் மாதத்தில் "இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும்" செய்தி, ஐப்பசி நெருங்கும்போது தீபாவளி சீட்டும் தள்ளுபடித் தளங்களும்.

ஒரு மாதம் கழித்துக் கேள்வித்தாள் எதுவும் வேண்டாம். போனை அவர்கள் கையிலேயே வைத்துக்கொண்டு மூன்றைக் காட்டச் சொல்லுங்கள்: 1930 எங்கே இருக்கிறது, வாட்ஸ்அப்பின் நிறுவல் அனுமதி இன்னும் மூடியிருக்கிறதா, ஒரு ரூபாய் அனுப்பியதன் 12 இலக்க எண் எங்கே. காட்ட முடியாதவர்கள் எத்தனை பேரோ, அடுத்த சனிக்கிழமை அதையே மறுபடி எடுங்கள்.